ரோமோத் தீவில் பெண் பார்த்தது

டென்மார்க்கில் இன்னொரு தமிழர் கண்ணில் படாமல் பெண் பார்ப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. இஷொய் கடைத்தொகுதியில் பார்த்தால் பின்னேரத்துக்குள் புரொண்பியில் தெரிந்துவிடும். கோயிலில் பார்த்தால் ஐயருக்கு முதலே சனத்துக்குத் தெரிந்துவிடும். கோடை விடுமுறையில் பிலுண்ட் விளையாட்டுப் பூங்காவுக்குப் போனால், அங்கே டெனிஷ்காரரைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். ஆகவே என் பெரியம்மா சின்னமணியும் தரகர் பாலேந்திராவும் தொலைபேசியில் பல நாள் ஆலோசித்து, தமிழர் ஒருவரும் எட்டிப் பார்க்காத இடம் ஒன்றைத் தெரிவு செய்தார்கள். நாட்டின் தென்மேற்கு மூலையில், கடலுக்குள் போட்ட நீண்ட அணைப்பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ரோமோத் தீவு. முந்நூறு வருசத்துக்கு முந்தித் திமிங்கிலம் பிடிக்கப் போன ஆட்களின் ஊர். இப்போது அவர்களின் வீடு மியூசியம், பள்ளிக்கூடம் மியூசியம், அவர்கள் பிடித்த திமிங்கிலத்தின் தாடை எலும்பு ஒரு வேலி. அவர்கள் தேவாலய முற்றத்தில் படுத்திருக்கிறார்கள்.

“அங்கை ஆர் போறது?” என்றாராம் பாலேந்திரா. அந்த இடத்துக்கு அவர் கொடுத்த நற்சான்றிதழ் அது.

மாப்பிள்ளை பெரியம்மாவின் மகன் சுகந்தன் அண்ணா. வயது நாற்பதைத் தொடுகிறது. பெரியம்மாவின் கணக்கில் அது முப்பத்தைந்தில் நின்று இளைப்பாறுகிறது. பெரிய பேக்கரி ஒன்றில் வேலை. ஊர் படுக்கும்போது போய், ஊர் எழும்பும்போது வந்து படுப்பார். இதனால் அவருக்குச் சிநேகிதர் என்று சொல்ல ஒருவரும் இல்லை. எல்லோரும் கடிகாரத்தின் மற்றப் பக்கத்தில் வாழ்கிறார்கள். ஹ்விடோவ்ரேயில் தாய்க்கும் மகனுக்கும் மூன்று அறை வீடு. மூன்றாவது அறை பேரப்பிள்ளைக்கு. இப்போதைக்கு அங்கே அரிசிச் சாக்கு வளர்கிறது.

நான் நிதுஷன். ரொஸ்கில்டவில் வரலாறு படிக்கிறேன். மாணவர் பத்திரிகையில் நையாண்டிப் பக்கம் எழுதுகிறேன். அதை வாசிக்கிறவர்கள் இரண்டு பேர். மற்றவர் எழுத்துப்பிழை பார்ப்பவர். என்னை அவர்கள் கூட்டிக்கொண்டு போனது அன்பினால் அல்ல. பெண் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு போகக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் விதி. தற்செயலாகச் சந்திக்க வேண்டும். இரண்டு குடும்பமும் நாட்டைக் குறுக்கே வெட்டி ஓடி வந்து, ஒருவரை ஒருவர் கண்டு, “அட, நீங்களும் இஞ்சையோ?” என்று ஆச்சரியப்பட வேண்டும். பிடித்தால் கதை வளரும். பிடிக்காவிட்டால் ஆச்சரியத்தோடேயே பிரிந்துவிடலாம், ஒருவருக்கும் மரியாதைக் குறைச்சல் இல்லை. ஊரில் இதற்குக் கோயில் வீதி இருந்தது. எங்களுக்கு நான் இருந்தேன். பிள்ளைக்குப் படிப்புக்கு மியூசியம் பார்க்க வேணும், அதுதான் வந்தனாங்கள்.

ஆடி போகட்டும் என்று காத்திருந்து, ஆவணியில் வந்த முதல் சனிக்கிழமை விடிய வெளிக்கிட்டோம். அண்ணா வேலைக்கு லீவு எடுத்திருந்தார். அவருடைய கண்ணுக்கு மட்டும் லீவு கிடைக்கவில்லை. பின் இருக்கையில் பெரியம்மா, அவர் மடியில் மஞ்சள் மூடி போட்ட பெரிய பெட்டி. உள்ளே றோல்ஸ், பற்றிஸ், வடை. தற்செயலாகக் காணப்போகிற ஆட்களுக்காக முழு இரவும் நின்று பொரித்தது.

பெண்ணைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது கொஞ்சம். பெயர் ரஜிதா. மட்டக்களப்புப் பக்கம். தாய் தகப்பன் ஊரில். எஸ்பியாவில் முதியோர் இல்லத்தில் வேலை. வயது முப்பத்தாறு. ஹேர்னிங்கில் இருக்கும் தமையன் குடும்பம் கூட்டிக்கொண்டு வரும். படம் மாற்றிக்கொள்ளவில்லை. முந்தின இடங்களுக்குப் படம் அனுப்பி, அந்தப் படத்தோடேயே கதை முடிந்ததால், இந்த முறை நேரில்தான் என்று பெரியம்மா ஒற்றைக்காலில் நின்றார். “படத்திலை அவனுக்கு நித்திரை” என்பது அவர் விளக்கம். படம் இல்லாமல் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று நான் கேட்டதற்குப் பாலேந்திரா சிரித்தாராம். அந்தத் தீவில் வேறு தமிழர் நின்றால்தானே குழப்பம்.

அணைப்பாதையில் ஏறினோம். இரண்டு பக்கமும் கடல் வற்றி, கண்ணுக்கு எட்டிய தூரம் சாம்பல் நிறச் சேறு. நடுவில் ஒற்றைப் பறவை நின்றது. பெரியம்மா கண்ணாடியால் பார்த்து, கடல் எண்டு சொன்னியள் என்று முறைப்பாடு செய்தார்.

சந்திப்பு பன்னிரண்டு மணிக்குக் கொமாண்டர் வீட்டு மியூசியத்தில். கொமாண்டர் என்றால் திமிங்கிலக் கப்பலின் தலைவன். நாங்கள் வெள்ளெனவே வந்துவிட்டோம். மாப்பிள்ளை வீட்டார் முதலே போய்க் காவல் நிற்கக்கூடாது என்று பெரியம்மா சொன்னதால், நேரத்தைக் கொல்ல முதலில் எலும்பு வேலியைப் பார்க்கப் போனோம்.

மரம் கிடைக்காத தீவில், வந்த கப்பலில் இருந்த தாடை எலும்புகளை வரிசையாக நட்டு வேலி போட்டிருக்கிறார்கள். பாசி பிடித்து, சரிந்து, பல் வைத்தியர் கைவிட்ட வாய் போல நிற்கிறது. காற்று அடித்தது. பெரியம்மா சேலைக்கு மேல் போட்ட ஜக்கெட்டை இழுத்து மூடினார். அண்ணா அறிவித்தல் பலகைக்கு முன்னால் போய் நின்றார்.

அவருக்கு அப்படி ஒரு பழக்கம். எந்தப் பலகையையும் மேலிருந்து கீழ் வரை வாசிப்பார். கடைசி வரியில் அச்சகத்தின் பெயர் இருந்தால் அதையும் வாசிப்பார். பேக்கரியில் தீயணைப்புக் கருவியின் பாவனை விதிகள் அவருக்கு மனப்பாடம். கதைக்க ஆள் இல்லாத மனிதர் வேறு என்ன செய்வார் என்று நான் ஒருநாள் நையாண்டியாக எழுதத் தொடங்கி, பிறகு அழித்துவிட்டேன். என் விடுதிக் குசினியிலும் நான் பால் பெட்டியின் பின்பக்கத்தை வாசித்துக்கொண்டுதான் சாப்பிடுகிறேன்.

வேலிக்கு மற்றப் பக்கத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் நின்றது.

ஒரு மனிதர், ஒரு பெண், இளம்பெண் ஒருத்தி. மூவரும் எலும்பைப் பார்த்தபடி நின்றார்கள். பெரியம்மா என் முழங்கையைக் கிள்ளினார்.

“உவைதான்.”

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். இருபத்துமூன்றுக்கு மேல் ஒரு நாளும் சொல்ல முடியாது. அதைச் சொன்னேன். பெரியம்மா ஒரு கணம் யோசித்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. “குறைச்சுச் சொல்லாமல் கூட்டிச் சொல்லியிருக்கினம். நல்ல சனம்.” தமையன் என்றால் ஐம்பது வயதுக்காரராக இருக்கிறாரே என்றேன். மூத்தவனாக இருக்கும் என்றார். அவர்கள் காரின் இலக்கத்தகடு ஜெர்மன் தகடு என்று காட்டினேன். “இஞ்சை கார் என்ன விலை? ஆரோ சொந்தக்காரர் ஜெர்மனியிலை எடுத்துக் குடுத்திருப்பினம். கெட்டிக்காரர்.” அத்தோடு நான் விட்டுவிட்டேன். நம்பிக்கைக்கு ஆதாரம் தேவையில்லை என்பது தெரியும். ஆதாரத்தைத் தின்று அது கொழுக்கும் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

போய்ப் பேசலாமே என்று அண்ணா மெதுவாகக் கேட்டார். பெரியம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். பெண் வீட்டார்தான் முதல் ஆச்சரியப்பட வேண்டும்.

அடுத்தது பழைய பள்ளிக்கூடம். தீவுப் பிள்ளைகள் படித்த ஒற்றை அறை. எங்கள் வீட்டுக் குளியலறையைவிடக் கொஞ்சம் பெரிது. அவர்களும் வந்தார்கள். இரண்டு குடும்பமும் உள்ளே நின்றபோது திரும்ப இடம் இல்லை. ஒருவரும் பேசவில்லை. ஆறு தமிழர் ஓர் அறைக்குள் நின்று, எந்த இடம், எப்ப வந்தனீங்கள் என்று கேளாமல் இருந்த சம்பவம் இதற்கு முதல் நடந்ததாகத் தெரியவில்லை. பெரியம்மா அளந்து ஒரு புன்னகை விட்டார். அந்தப் பெண்மணி திருப்பிச் சிரித்துவிட்டு, கணவரின் கைச்சட்டையைப் பிடித்து இழுத்தார். அண்ணா சுவரில் தொங்கிய பாடசாலை விதிகளை வாசித்தார்.

“பாத்தியோ, கூச்சம்” என்றார் பெரியம்மா வெளியே வந்து, திருப்தியாக.

கொமாண்டர் வீடு நீளமான ஓலைக்கூரை வீடு. உள்ளே சுவர் முழுக்க ஒல்லாந்து ஓடுகள், நீலப் பூவும் கப்பலும் போட்டவை. அந்த மனிதர்கள் மாசி மாதக் கடைசியில் ஐஸ் கடலுக்குப் போனால், இலையுதிர் காலத்தில்தான் திரும்புவார்கள். அதுவரை தீவு பெண்களிடம். கட்டில் சுவருக்குள் அலுமாரி மாதிரி இருந்தது, கதவு வைத்து. அண்ணா அதற்கான பலகையை வாசித்து முடித்துவிட்டுக் கட்டிலுக்குள் எட்டிப் பார்த்தார். இவ்வளவு நாளுக்குப் பிறகு வந்து இந்தக் கதவைத் திறக்கிற ஆளை மனுசிக்கு அடையாளம் தெரிந்திருக்குமோ என்று என்னிடம் கேட்டார். நாத்தத்தில் தெரிந்திருக்கும் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஜெர்மன் தகட்டுக் குடும்பம் எங்களுக்கு முன்னால் அறை அறையாகப் போனது. நாங்கள் பின்னால் அறை அறையாகப் போனோம். அவர்கள் வேகம் கூட்டினால் பெரியம்மாவும் கூட்டினார்.

நடையில் ஒரு பெண் நின்றாள். எங்கள் நிறம். கறுத்த ஜக்கெட், தலைமயிரை இழுத்துக் கட்டியிருந்தாள், தனியாக. எங்களைக் கண்டதும் நேராக நிமிர்ந்து, வாய் திறக்கப் போனாள். பெரியம்மா முந்திக்கொண்டார். அவருக்குத் தெரிந்த மிகத் திருத்தமான டெனிஷில், ரொய்லெற் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

அந்தப் பெண் கொஞ்ச நேரம் பெரியம்மாவைப் பார்த்தாள். பிறகு டெனிஷிலேயே, முற்றத்தைக் கடந்து வலப்பக்கம் என்று கையைக் காட்டினாள்.

“பாவம், எங்கட பிள்ளை போலை கிடக்கு. இவ்வளவு தூரத்திலை வந்து கிளீனிங்” என்றார் பெரியம்மா, முற்றத்தைக் கடந்தபடி. தமிழ்ப் பெண் ஒருத்தி மியூசியத்தில் தனியே நின்றால் அங்கே வேலை செய்கிறாள் என்றுதானே அர்த்தம். பார்க்க வந்தவள் என்றால் ஆட்களோடு வந்திருப்பாள்.

பின்பக்கக் களஞ்சியத்தில் திமிங்கிலம் இருந்தது. தொண்ணூறுகளில் இந்தத் தீவின் கரையில் ஒரு கூட்டமாக வந்து ஒதுங்கியவற்றில் ஒன்றின் எலும்புக்கூடு. முகட்டின் கீழே நீட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். மண்டையோடு மட்டும் எங்கள் காரளவு. அண்ணா வழக்கம்போல் பலகைக்கு முன் போய் நின்றார். அங்கே ஏற்கெனவே ஒருத்தி வாசித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கறுத்த ஜக்கெட். அவளும் அவசரப்படவில்லை. இரண்டு பேரும் ஒரே வேகத்தில் வரி வரியாகக் கீழே இறங்கினார்கள், கடைசி வரியில் இருந்த அச்சக முகவரி வரைக்கும். உலகத்தில் அப்படி இன்னொரு பிறவி இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அண்ணாவும் எதிர்பார்க்கவில்லை போலும். அவர் திரும்பி, தமிழிலேயே கேட்டார்.

“இஞ்சை வேலையோ?”

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். “இண்டைக்கு மட்டும்” என்றாள்.

கோடை வேலை என்று அவர் எடுத்துக்கொண்டார். வேலை செய்கிறவர்களோடு கதைக்க அண்ணாவுக்குப் பயம் இல்லை. அதில் பயப்பட ஒன்றும் இல்லை, ஒருவரும் அவரைத் தெரிவு செய்யப் போவதில்லை. ஏன் செத்ததெல்லாம் ஆண் திமிங்கிலம் என்று கேட்டார். காரணம் பலகையில் இல்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது; தான் பார்க்கிற முதியவர்களில் ஒருவர் பழைய மீனவர், அவர் சொன்னது என்றாள்.

“பொம்புளையள் சூட்டுக் கடல்ல பிள்ளையளோட நிக்குமாம். ஆம்புளையள்தான் இந்தப் பக்கம் தனியச் சுத்துறதாம். வழி மாறி ஆழமில்லாத கடலுக்க வந்தா, திரும்பத் தெரியாதாம்.”

அண்ணா எலும்புக்கூட்டை வால் வரைக்கும் பார்த்தார்.

“எங்கட அம்மா எண்டால் விட்டிருக்க மாட்டா” என்றார்.

அவள் சிரித்தாள். சத்தமாக இல்லை, ஆனால் களஞ்சியம் என்பதால் அது முகட்டில் பட்டு வந்தது. அண்ணாவும் சிரித்தார். நான் கமெராவோடு விலா எலும்புகளுக்கு அந்தப் பக்கம் நின்றேன். அவர் முகத்தில் நித்திரை இல்லாததை அன்றைக்குத்தான் கண்டேன். பேக்கரியில் மா குழைக்கிற இயந்திரம் இந்த மண்டையோட்டின் அளவு இருக்கும் என்று சொல்லத் தொடங்கினார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லோரும் அப்படிக் கேட்பதில்லை, நானே கேட்பதில்லை.

வாசலில் பெரியம்மா.

“சுகந்தன், அவை வெளிக்கிடினம். கெதியா வா.”

அண்ணா வசனத்தைப் பாதியில் நிறுத்தினார். அங்கே ஆட்கள் நிற்கிறார்கள், ஒருக்காப் போக வேண்டும் என்று அவளிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சொன்னார். அவள் வாசல் பக்கம் பார்த்தாள். பெரியம்மாவைத் தாண்டி, முற்றத்தில் காற்றில் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு போகிற அந்த இளம்பெண் தெரிந்தாள்.

“போங்க” என்றாள்.

நான் கடைசியாக வெளியே வந்தேன். அவள் திமிங்கிலத்தின் வால் எலும்புக்குப் பக்கத்தில் நின்று, தோள்பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

தேவாலயத்தில் அவர்கள் எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார்கள். உண்மையில் எங்களிடமிருந்து தப்பித்தான் போயிருந்தார்கள். உள்ளே முகட்டில் இருந்து மரக் கப்பல்கள் தொங்கின. வெளியே சுவர் ஓரம் கொமாண்டர்களின் கல்லறைக் கற்கள், ஆள் உயரத்துக்கு. ஒவ்வொன்றிலும் கப்பல் செதுக்கி, ஆளின் முழுக் கதையும் எழுதியிருந்தது: எங்கே பிறந்தான், எத்தனை முறை ஐஸ் கடலுக்குப் போனான், யாரைக் கட்டினான், எத்தனை பிள்ளை. எங்கள் ஆட்களின் மரண அறிவித்தல் இணையப்பக்கம் போலவே. பேரப்பிள்ளைகள் கனடாவில் என்பது மட்டும் இல்லை. அண்ணா முதல் கல்லில் வாசிக்கத் தொடங்கினார். கட்டியது, பிள்ளை, கட்டியது, பிள்ளை. மூன்றாவது கல்லோடு நிறுத்திவிட்டார். அவர் எதையும் பாதியில் நிறுத்தி நான் கண்டதில்லை. அன்றைக்கு இது இரண்டாவது.

பெரியம்மா நேரத்தைப் பார்த்தார். பெட்டியைத் திறக்கிற நேரம் வந்துவிட்டது என்று முடிவு செய்தார். கல்லறைகளுக்கு நடுவே இருந்த மர வாங்கில் அதை வைத்து மஞ்சள் மூடியைக் கழற்றினார். றோல்ஸ் வாசம் கொமாண்டர்களுக்கு மேலால் பரவியது. அந்த மனிதர் எங்களை நோக்கி வந்தார். பெரியம்மா ஆச்சரியப்படத் தயாரானார்.

“அக்கா, குறை நினையாதேங்கோ” என்றார் அவர். “விடியத்திலை இருந்து நாங்கள் போற இடமெல்லாம் வாறியள். எங்களை எங்கையாவது தெரியுமோ?”

தெரியாது, சும்மாதான், பிள்ளைக்குப் படிப்புக்கு மியூசியம் பார்க்க வேணும் என்று பெரியம்மா மனப்பாடத்தை ஒப்பித்தார். நான் கமெராவை உயர்த்திக் காட்டினேன். அவருக்கு உயிர் வந்தது. தன் பெயர் குகநேசன், டோட்முண்டில் இருந்து வந்திருக்கிறோம், கடற்கரையில் ஒரு கிழமைக்கு வீடு எடுத்திருக்கிறோம் என்றார். கடற்கரையில் காற்றுக்கு நிற்க முடியாததால்தான் இந்த எலும்புகளைப் பார்க்க வெளிக்கிட்டார்களாம். பெரியம்மா மெல்ல வாங்கில் இருந்தார். கடைசி நம்பிக்கையாக, பிள்ளை என்ன செய்கிறா என்று கேட்டார்.

“மகளுக்குப் போன மாசம் கலியாண எழுத்து முடிஞ்சுது அக்கா. மருமகன் சுவிஸ். தாலிகட்டு தையிலை.”

பெரியம்மா பெட்டியை மூடினார். நாலு மூலையையும் ஒவ்வொன்றாக அமத்தினார்.

நல்ல மனிதர் அவர். அண்ணாவின் தோளைத் தட்டி, தம்பி எங்கை வேலை என்று கேட்டார். அண்ணா பேக்கரி என்றார். அவர்கள் போய்விட்டார்கள்.

பாலேந்திராவின் தொலைபேசி மாலை மூன்று மணிக்குத்தான் உயிர்பெறும். இறைச்சி வெட்டுகிற தொழிற்சாலையில் வேலை, போன் அதுவரை அலுமாரிக்குள் இருக்கும். அவரே எடுத்தார். பெரியம்மா போனைக் காதில் வைக்காமல் முகத்துக்கு முன்னால் பிடித்துக் கதைப்பவர். ஆகவே கொமாண்டர்கள் உட்பட எல்லோரும் கேட்டோம். இரவு ஆரோ வராததால் பெண்ணின் தமையனை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்களாம். சந்திப்பை மறிக்க நேரம் இல்லை என்று பெண் தனியே ரெயிலும் பஸ்ஸும் எடுத்து வந்திருக்கிறாள். கறுத்த ஜக்கெட். இப்போதுதான் அவளோடு கதைத்தாராம்.

“என்ன சொன்னவள்?” என்றார் பெரியம்மா.

“மாப்பிள்ளை நல்ல மனுசன், நல்லாக் கதைச்சவர் எண்டவள். ஆனால் அவர் வேறை ஆரையோ பாக்க வந்தவர் போலை, நான் போறன் எண்டு சொன்னவள்.” கொஞ்சம் நிறுத்தினார். “அக்கா, நீங்கள் அவளிட்டை ரொய்லெற் எங்கை எண்டு கேட்டனீங்களாம்.”

போன் பெரியம்மாவின் கையில் இருந்தபடி அணைந்தது. “பொம்பிளைப் பிள்ளை தனிய வருவாள் எண்டு ஆர் கண்டது” என்றார். எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை. முன்னால் இருந்த கல்லைப் பார்த்துச் சொன்னார்.

அண்ணா கார்ச் சாவியை எடுத்தார்.

அவள் திரும்பிப் போகிற பஸ்ஸை அணைப்பாதையில் பிடித்துவிட்டோம். கடல் திரும்பி வந்து, சேற்றை மூடி, பாதையின் இரண்டு பக்கமும் ஏறிக் கிடந்தது. பஸ்ஸின் பின்கண்ணாடியில் ஒரு தலை தெரிந்தது. எதிர்ப்பக்கத்தில் வாகனம் இல்லை. முந்த இடம் இருந்தது. அண்ணா முந்தவில்லை. கரை வரைக்கும் அதே இடைவெளியில் பின்னால் ஓடினார். ஒரு நாள் முழுக்க இன்னொரு குடும்பத்துக்குப் பின்னால் ஓடிப் பழகியதால் எங்களுக்கு அது கஷ்டமாக இல்லை.

ஸ்கேர்பெக் ரெயில் நிலையம் என்பது ஒரு மேடை, ஒரு கண்ணாடிக் கூடு, ஒரு பலகை. அவள் பஸ்ஸால் இறங்கி மேடைக்குப் போய் நின்றாள். எங்கள் காரை அவள் பார்த்தாளா தெரியாது. அண்ணா எஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். இப்போது தற்செயல் என்று சொல்ல வழியில்லை. எங்கள் ஆட்களிடம் அதற்கு ஒரு முறையும் இல்லை. நேரே போய், உன்னைத்தான் பார்க்க வந்தேன் என்று சொல்ல யாரும் எங்களுக்குக் காட்டித் தரவில்லை.

பெரியம்மா பின்னால் இருந்து பெட்டியை நீட்டினார். மகனின் முகத்தைப் பார்க்கவில்லை.

“காலமையிலை இருந்து சாப்பிட்டிருக்க மாட்டாள். குடு.”

அண்ணா பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனார், யாரோ ஒருவரின் அஸ்தி மாதிரி. மேடையில் அவளுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றார். அவள் திரும்பினாள். இரண்டு பேரின் வாயும் அசைந்த மாதிரித் தெரியவில்லை. பிறகு பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். முதுகு இரண்டும் எங்கள் பக்கம். அப்படியே நின்றார்கள். காரின் கண்ணாடியில் எங்கள் மூச்சுப் படிந்தது. பெரியம்மா சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். ரெயில் வந்து இரண்டு பேரையும் மறைத்தது. போனபோது மேடையில் ஒரு ஆள் மிச்சம். கையில் பெட்டி இல்லை.

வந்து ஏறினார். என்ன கதைத்தீர்கள் என்று நான்தான் கேட்டேன். பெரியம்மாவுக்குக் கேட்கத் துணிவில்லை.

“ரெயில் நேரம் போட்டிருந்தது. வாசிச்சம்.”

“முழுக்கவோ?”

“ஞாயிற்றுக்கிழமைக்கு வேறை நேரம்” என்றார். பிறகு, “அம்மாவுக்கு ரொய்லெற் கிடைச்சதோ எண்டு கேட்டவா.”

போன் நம்பர் வாங்கினீர்களா என்றேன். இல்லை என்றார். அதை எப்படிக் கேட்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது; ஆனால் நான் அதைப் பற்றி நகைச்சுவையாக எழுதுவேன்.

இது நடந்து மாதங்கள் ஆகின்றன. பெரியம்மா பாலேந்திராவை எடுக்கவில்லை, எடுக்க முகம் இல்லை. பாலேந்திராவும் எடுக்கவில்லை. ஆனால் பெரியம்மாவிடம் ஒரு கணக்கு இருக்கிறது. சாப்பாட்டுப் பெட்டி ஒன்று வீட்டை விட்டுப் போனால் எங்கள் சனம் அதைத் திருப்பித் தராமல் விடாது. வெறுமனேயும் தராது, எதையாவது செய்து உள்ளே போட்டுத்தான் தரும். அதற்கு நேரம் எடுக்கும், தனிய இருக்கிற பிள்ளை, வேலையும் கஷ்டம். குசினித் தட்டில் அந்தப் பெட்டி இருந்த இடத்தில் வேறு ஒன்றும் வைக்க விடுகிறார் இல்லை. வெறும் பெட்டி வந்தால் என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுப் பிழைக்க முடியாது.

போன ஞாயிறு சாப்பிடப் போயிருந்தேன். சோற்றில் கை வைத்தபோது வாசல் மணி அடித்தது. வழக்கமாகக் கதவு திறக்கிறது பெரியம்மா. அன்றைக்கு அண்ணா கை கழுவாமல் எழும்பிப் போனார். பார்சல்காரன். அண்ணா ஒரு பெட்டியை இடக்கையில் ஏந்திக்கொண்டு வந்தார். பெரியம்மா கரண்டியைப் பிடித்தபடி நின்றார்.

அது மேல்மாடி டெனிஷ்காரருடையது. அவர் வீட்டில் இல்லையாம், இங்கே வைக்கச் சொன்னானாம். அண்ணா அதை மேசை ஓரத்தில் வைத்தார். உடனே இருக்கவில்லை. நின்றபடி மேலே ஒட்டியிருந்த தாளை வாசித்தார், பெயர், தெரு, மாடி, எடை, எங்கிருந்து வந்தது, எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும், கடைசி வரி வரைக்கும்.